ஒருவர் படிக்க, ஊர் கேட்க

1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். இருபது ஆண்டு கழித்து, விடுதலை பெற்ற நாட்டின் முதல் கணக்கெடுப்பிலும், இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. ஆலையில் நூல் நூற்றவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், சுரங்கத்தில் பாறை உடைத்தவர்கள், தெருக் கூட்டியவர்கள் ஆகியோரை மட்டும் தனியே பிரித்து எண்ணியிருந்தால் அந்தப் பங்கு இன்னும் சுருங்கியிருக்கும். இந்த எண்களை வைத்துக்கொண்டு நாம் வெகு சுலபமாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். அந்தக் காலத்து உழைப்பாளிகள் படிக்கவில்லை. படிப்பு என்பது வக்கீல், குமாஸ்தா, வாத்தியார் வீட்டுச் சமாச்சாரம். தமிழ் வாசிப்பின் வரலாறு என்றால் அது நடுத்தர வர்க்கத்தின் வரலாறு. இந்த முடிவு தவறு. அதே ஆண்டுகளில் அதே மாகாணத்தில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற அச்சுப் பிரதிகள் எத்தனையெத்தனை என்று பார்த்தால், அவற்றை வக்கீல்களும் வாத்தியார்களும் மட்டுமே வாங்கித் தீர்த்திருக்க முடியாது என்பது விளங்கும். உழைக்கும் மக்கள் படித்தார்கள். கணக்கெடுத்தவர்கள் ஆளை எண்ணினார்கள். படிப்போ கூட்டமாக நடந்தது.

முதலில் அந்தக் கணக்கையே சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 1911 முதல் பிரிட்டிஷ் இந்தியக் கணக்கெடுப்பில் எழுத்தறிவுக்கு வைத்த அளவுகோல், நண்பருக்கு ஒரு கடிதம் எழுதி அதற்கு வரும் பதிலையும் படிக்க முடிகிறதா என்பது. திண்ணைப் பள்ளியில் ஓராண்டோ ஈராண்டோ இருந்துவிட்டு வயலுக்கோ பட்டறைக்கோ போன ஒருவரை எண்ணிப்பாருங்கள். அச்சிட்ட எழுத்தை நிறுத்தி நிறுத்தி, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க அவரால் முடியும். பேனா பிடித்து ஒரு கடிதம் எழுத முடியாது. அப்படிப்பட்டவர் அரசின் ஏட்டில் எழுத்தறிவற்றவர். அச்சு உலகத்தைப் பொறுத்தவரை அவர் வாசகர். படிப்பதும் எழுதுவதும் ஒன்றாக வரும் திறமைகள் என்று பள்ளிக்கூடம் வழியாக வளர்ந்த நாம் நினைக்கிறோம். உழைப்பாளர் வீடுகளில் அப்படி இல்லை. படிப்பு முந்தி வந்தது, எழுத்து பல பேருக்கு வரவேயில்லை. தபால்காரரையோ பக்கத்து வீட்டுப் பையனையோ பிடித்துக் கடிதம் எழுதச் சொல்லிவிட்டு, சாயங்காலம் தன் கதைப் புத்தகத்தைத் தானே படிக்கக்கூடியவர்கள் அந்தப் பட்டியலின் தவறான பக்கத்தில் நின்றார்கள்.

இப்படிப்பட்ட வாசகர்கள் இருந்தார்கள் என்பதற்கு ஊகம் தேவையில்லை, புத்தகங்களே சாட்சி. ‘பெரிய எழுத்து’ என்று அட்டையிலேயே அச்சிட்டு விற்ற கதை நூல்களைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, புலந்திரன் களவு மாலை, பவளக்கொடி மாலை, தேசிங்குராஜன் கதை, மதுரை வீரன் கதை, விக்கிரமாதித்தன் கதை. சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றை அச்சடித்துத் தள்ளின. காகிதம் மட்டம்; விலை குறைவு. ஆனால் எழுத்து மட்டும் பெரிது. லாபம் பார்க்கும் வியாபாரி காகிதத்தைத்தான் மிச்சப்படுத்துவான். எழுத்தைச் சிறிதாக்கினால் பக்கம் குறையும், செலவும் குறையும். அந்த ஆதாயத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பெரிதாக்கி, அதையே விளம்பரமாகவும் போட்டார்கள் என்றால், வாங்கும் ஆளை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்று பொருள். வேகமாகப் படிக்க வராதவர், மங்கலான சிமினி விளக்கில் படிப்பவர், ஒரு வரியை விரலால் தொட்டுக்கொண்டே உரக்கப் படித்துச் சுற்றி இருப்பவர்களுக்குச் சொல்பவர்: இவர்களுக்காக உருவான அச்சு அது. தமிழ்ப் பதிப்புலகில் வாசகரின் கண்ணையும் விளக்கையும் இவ்வளவு அக்கறையாக நினைத்துப் பார்த்த நூல்கள் வேறு அதிகம் இல்லை.

பெரிய எழுத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் குஜிலிப் பாட்டு. சென்னைப் பூங்கா நகரை ஒட்டிய குஜிலிக் கடைத்தெருவின் பெயரால் வழங்கிய இந்தச் சிறு வெளியீடுகள் எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் இருக்கும். ஊரை உலுக்கிய கொலை, ரயில் விபத்து, வெள்ளம், பஞ்சம், விலைவாசி, சினிமா நட்சத்திரம், காந்தி, பகத்சிங் என எது நடந்தாலும் சில நாளில் அது சிந்தாகவோ கும்மியாகவோ தெம்மாங்காகவோ அச்சில் வந்துவிடும். 1952இல் ஆளவந்தார் கொலை வழக்குச் சென்னையை ஆட்டி வைத்தபோது அதற்கும் பாட்டுப் புத்தகம் வந்தது. விற்பவர் சந்தையிலும் ரயில் பெட்டியிலும் திருவிழாக் கூட்டத்திலும் நின்று முதலில் பாடுவார். கேட்டவர் மெட்டை மனதில் வாங்கிக்கொண்டு புத்தகத்தையும் வாங்குவார். வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் போதும், சொல் கிடைத்துவிடும். மெட்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது. மெட்டும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்க, அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவரும் முழுப் பாட்டையும் தட்டுத் தடுமாறாமல் படித்துவிட முடிந்தது. பள்ளிக்கூடமும் பாடத்திட்டமும் இல்லாமல் நடந்த எழுத்தறிவு இயக்கம் இது. இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்து ஆராய்ந்த ஆ.இரா. வேங்கடாசலபதி இவற்றுக்கு ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயர் வைத்தார். படித்த இடத்தையே பெயராக்கிய பொருத்தமான பெயர்.

குஜிலியைக் குப்பை என்று ஒதுக்கும் வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கொலைச் சிந்து படிப்பது ஒரு படிப்பா, இலக்கியம் எங்கே, அறிவு எங்கே என்பார்கள். இதற்கு இரண்டு விடை உண்டு. ஒன்று, இந்தக் கேள்வியை வசதியுள்ளவர்களிடம் யாரும் கேட்பதில்லை. அதே காலத்தில் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்களையும் ஆரணி குப்புசாமி முதலியாரின் தழுவல்களையும் நடுத்தர வீடுகள் விழுந்து விழுந்து படித்தன. அவர்களை வாசகர் அல்லர் என்று எவரும் சொல்லவில்லை. இரண்டாவது விடை இன்னும் முக்கியம். இந்தப் பாட்டுகளைக் கண்டு அரசு அஞ்சியது. சட்டமறுப்புக் காலத்தில் பகத்சிங்கைப் பற்றியும் கள்ளுக்கடை மறியலைப் பற்றியும் வந்த காலணாப் பாட்டுப் புத்தகங்களை வெள்ளையர் ஆட்சி தேடிப் பிடித்துப் பறிமுதல் செய்தது. தடைசெய்த நூல்களின் பட்டியலில் அவை வரிசையாக இடம்பெற்றன. 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி மாகாணத்தில் அச்சான நூல்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கம், விலை, பிரதி எண்ணிக்கையோடு பட்டியல் போட்ட அரசு அது. மக்களில் பத்தில் ஒன்பது பேர் படிப்பறியாதவர்கள் என்று ஓர் இலாகா எழுதிவைத்தது. அவர்கள் கைக்குப் போகும் எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்க இன்னோர் இலாகா போலீசை அனுப்பியது. இரண்டில் எது நாட்டு நடப்பை அறிந்திருந்தது என்று கேட்டால் நான் போலீசையே சொல்வேன்.

ஆனாலும் வலுவான மறுப்பு ஒன்று மீதி இருக்கிறது. ஒருவர் படித்து ஒன்பது பேர் கேட்டால், படித்தவர் ஒருவர்தானே? கேட்பதை வாசிப்பு என்று எப்படிச் சொல்வது? தனியே, மௌனமாக, தன் வேகத்தில் படிப்பதுதான் வாசிப்பு என்று முதலிலேயே வரையறுத்துக்கொண்டால் இந்த மறுப்பு சரி. அந்த வரையறை மிகப் பிந்தியது. நம் ஊர்களில் மழை பொய்த்தால் பாரதத்தில் விராட பருவம் படிப்பார்கள். நல்லாப்பிள்ளை பாரதத்தையோ வில்லி பாரதத்தையோ ஒருவர் படிக்க, ஒருவர் பொருள் சொல்ல, ஊர் கூடிக் கேட்கும். அங்கே யாரும் தன்னைக் கேட்பவர் என்று நினைத்துக்கொள்வதில்லை. ஊரே பாரதம் படித்தது என்றுதான் பேச்சு. நூல் வேண்டும் என்று முடிவெடுப்பது, அதற்குக் காசு கொடுப்பது, இடையில் நிறுத்திக் கேள்வி கேட்பது, மறுநாள் வேலையிடத்தில் அதைப் பற்றி வாதம் செய்வது, மனப்பாடமாகச் சொல்வது ஆகிய எல்லாவற்றையும் கூட்டம்தான் செய்தது. எழுத்தைக் கண்ணால் தொட்ட வேலை மட்டும் ஒருவருடையது.

இது தமிழரின் தனி வழக்கமும் அல்ல. கியூபாவின் ஹவானா நகரில் 1865 டிசம்பரில் எல் ஃபிகாரோ சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தங்களில் ஒருவரை உயரமான இடத்தில் உட்காரவைத்துப் புத்தகம் படிக்கச் சொல்லிவிட்டுச் சுருட்டுச் சுற்றினார்கள். படித்தவருக்குக் கூலி கொடுத்தவர்கள் முதலாளிகள் அல்லர், கேட்டவர்களே. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1866 மே மாதத்தில் ஸ்பானிய ஆளுநர் அந்த வாசிப்புக்குத் தடை போட்டார். பின்னர் வழக்கம் மீண்டது. புலம்பெயர்ந்த சுருட்டுத் தொழிலாளர்களோடு கடல் தாண்டி அமெரிக்காவின் டாம்பா நகருக்கும் போனது. காலையில் பத்திரிகை, பிற்பகலில் விக்டர் ஹ்யூகோ, செர்வாண்டிஸ், சோலா. அடுத்து எந்த நாவல் என்பதை வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். 1931இல் டாம்பா முதலாளிகள் வாசிப்பு மேடைகளை அகற்றியபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நமக்குப் பக்கத்தில் கண்ணூர் பீடிக் கொட்டகைகளிலும் இதேதான். வாசிப்பவர் இழக்கும் கூலியை ஈடுகட்ட, அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். தன் விரல் உழைப்பிலிருந்து ஒரு பங்கைப் பிரித்து நாவலுக்குக் கொடுப்பவரை வாசகர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

சென்னை ஆலைத் தொழிலாளர்களின் கதை இந்தப் பின்னணியில் தெளிவாகிறது. 1918 ஏப்ரல் 27 அன்று தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கத்தில் வைக்கிறோம். பி.பி. வாடியா, திரு.வி.க. பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். சங்கம் முளைத்த இடம் எது என்பது பலருக்கு நினைவில் இல்லை. பெரம்பூரில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் நடத்திவந்த வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபைதான் அந்த இடம். அது பக்திச் சொற்பொழிவு சபை. பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்கள் சமய நூல் விளக்கம் கேட்க அங்கே கூடினார்கள். நூலை ஒருவர் எடுத்துச் சொல்லப் பலர் கேட்பது என்ற பழக்கம் இருந்த கூட்டத்திலேயே, ஆலையில் தங்களுக்கு நேரும் கொடுமையைப் பற்றிய பேச்சும் பிறந்தது. 1917 டிசம்பரில் தொடங்கிய ‘தேசபக்தன்’ நாளிதழில் திரு.வி.க. எழுதிய தமிழ், மேடையில் அவர் பேசிய தமிழுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே அதை உரக்கப் படித்தால் காதுக்குப் புரிந்தது. 1923 மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலர் அதே ஆண்டு ‘தொழிலாளன்’ இதழைத் தொடங்கியபோது, அவர் முன்னால் படிக்கும் பழக்கமில்லாத கூட்டம் ஒன்று இருந்ததாக நினைக்க இடமில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய கூட்டம் காத்திருந்தது.

இந்த வரலாற்றில் நான் மிக உயர்வாக மதிப்பது கோலார் தங்கவயலை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன ஆதிதிராவிடத் தமிழர்கள் பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பொன் வெட்டிய இடம் அது. 1907 ஜூனில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது ‘தமிழன்’ ஆனது. அதன் உள்ளடக்கம் இலேசானதன்று. பௌத்த வரலாறு, சொல்லாராய்ச்சி, திருக்குறள் விளக்கம், சித்த மருத்துவம், நிலம், கல்வி, சாதியின் தோற்றம் குறித்த நீண்ட தொடர்கள் அதில் வந்தன. அவருடைய உரைநடையில் தேர்ந்த படிப்பாளிகளும் இன்று நின்று நின்றுதான் நடக்க வேண்டியிருக்கிறது. அந்த இதழைத் தாங்கிய வாசகர்களில் முதன்மையானவர்கள் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள். பர்மாவுக்கும் நேட்டாலுக்கும் கூலிகளாகப் போனவர்களிடமும் அது போய்ச் சேர்ந்தது. 1914இல் பண்டிதர் மறைந்தார். இதழ் தடுமாறி நின்றது. பிறகு அது 1926இல் மீண்டும் உயிர் பெற்ற இடம் சென்னையோ வேறு கல்லூரி நகரமோ அல்ல, கோலார் தங்கவயல். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சித்தார்த்த புத்தகசாலை என்ற பதிப்பகம் அங்கிருந்தே பண்டிதரின் நூல்களை வெளியிட்டது. வாசகர்களாக இருந்த தொழிலாளர் சமூகம் ஒன்று பதிப்பாளராகவும் ஆனது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. எளிய மக்களுக்கு எளிய விஷயம்தான் ஏறும் என்று இன்றும் சொல்லும் பத்திரிகை உலகம் இந்த ஒரு உதாரணத்தையாவது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுயமரியாதை இயக்கம் இந்தக் கூட்டு வாசிப்பை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1925 மே 2 அன்று ஈரோட்டில் ‘குடிஅரசு’ பிறந்தது. கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழாக்கி 1931இல் அது தொடராக வெளியிட்டது. பகத்சிங் எழுதிய நாத்திகக் கட்டுரையை ஜீவா மொழிபெயர்க்க, அதை நூலாகப் போட்டதற்காக வழக்கு வந்தது. ‘குடிஅரசு’ தலையங்கம் ஒன்றுக்காக ஆசிரியர் பெரியாரோடு, வெளியீட்டாளர் என்ற முறையில் அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றார். இந்த எழுத்துகள் படிக்கப்பட்ட இடங்கள் முடிதிருத்தும் கடை, டீக்கடை, பிறகு படிப்பகம். 1930களில் தேயிலை வாரியத்தின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்த் தேநீர் போட்டுக் கொடுத்து அந்தப் பழக்கத்தைப் பரப்பினார்கள். காபி ஓட்டல் பலகையில் சாதி பார்த்து இடம் ஒதுக்கிய காலத்தில், டீ உழைப்பாளியின் பானமாயிற்று. டீக்கடை பெஞ்சு அவருடைய வாசகசாலை ஆயிற்று. முடிதிருத்தும் கடையில் முறைக்காகக் காத்திருப்பவர் கையில் பத்திரிகை இருக்கும்; படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார்; தொழிலாளி கத்தரியை நிறுத்தாமலே பதில் வாதம் செய்வார். தி.மு.க. 1949இல் தோன்றிய பிறகு கீற்றுக் கொட்டகைப் படிப்பகங்கள் தெருவுக்குத் தெரு எழுந்தன. ஒரு பெஞ்சு, ஒரு மேசை, நாலைந்து கட்சிப் பத்திரிகை, சுவரில் ஒரு படம். அதற்கு மேல் செலவில்லை. பொதுவுடைமை இயக்கத்துக்கு ‘ஜனசக்தி’யும் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மலிவாகக் கொடுத்த சோவியத் மொழிபெயர்ப்புகளும் இருந்தன. கோர்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழில் ஆலைத் தொழிலாளி படித்தது இப்படித்தான்.

அப்படியானால் அது கட்சிப் பிரசாரம்தானே, வாசிப்பு என்று ஏன் உயர்த்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கட்சிகள் தங்கள் நோக்கத்துக்காகவே படிப்பகம் நடத்தின என்பதில் ஐயமில்லை. ஆனால், நோக்கம் கட்சியுடையது என்பதால் விளைவும் கட்சிக்குள் அடங்கிவிட்டது என்று கொள்ள முடியாது. ‘விடுதலை’ படிக்க வந்தவர் பக்கத்தில் கிடந்த ‘சுதேசமித்திர’னையும் புரட்டினார். பகுத்தறிவுக் கட்டுரையை மறுக்க வேண்டும் என்பதற்காகவே கம்பராமாயணம் படித்தவர்கள் உண்டு. இராமாயணத்தை மறுக்க வேண்டும் என்பதற்காக அதைப் பாட்டுப் பாட்டாகக் கற்றவர்களும் உண்டு. பிரசாரம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் அது மூளையை மூடும். ஒரே தெருவில் காங்கிரஸ் படிப்பகம், திராவிட இயக்கப் படிப்பகம், கம்யூனிஸ்ட் படிப்பகம் மூன்றும் எதிரெதிரே இருந்தபோது, படித்தவர் சொன்னதை எதிர்த்துப் பேச இன்னொரு படிப்பு தேவைப்பட்டது. அந்தத் தேவையே பலரை வாசகராக்கியது.

பழைய காலத்தைப் பற்றிய இந்தச் சித்திரம் அழகுபடுத்தியது என்ற குற்றச்சாட்டு ஒன்று வரும். மற்ற மறுப்புகளைவிட இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். டீக்கடை பெஞ்சு எல்லோருக்கும் பெஞ்சாக இல்லை. தலித்துகளுக்குத் தனிக்குவளை வைத்த கடைகள் எண்ணற்றவை. அங்கே அவர்கள் வெளியே நின்றோ குந்தியோ கேட்டார்கள், அல்லது கேட்கவே முடியவில்லை. முடிதிருத்தும் கடைகளில் பல அவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஆகவே, ‘ஊர் கூடிக் கேட்டது’ என்று சொல்லும்போது ஊர் என்பதில் சேரி சேர்ந்ததா என்று கேட்டே தீர வேண்டும். பெரும்பாலும் சேரவில்லை. தலித்துகள் தங்கள் வாசிப்பிடங்களைத் தாங்களே கட்ட வேண்டியிருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியதிலிருந்து, அயோத்திதாசர், தங்கவயல் பௌத்த சங்கங்கள், பிற்கால அம்பேத்கர் மன்றங்கள் வரையான தொடர்ச்சியை இப்படித்தான் பார்க்க வேண்டும். பிறர் கொடுக்க மறுத்த இடத்தில் பிறந்தவை அவை. என் வாதத்தை இந்தக் குற்றச்சாட்டு குலைக்கவில்லை, திருத்துகிறது. கூட்டு வாசிப்பு என்று ஒன்று இருக்கவில்லை. சாதி வகுத்த எல்லைகளுக்குள் பல கூட்டு வாசிப்புகள் இருந்தன. அவற்றில் மிகக் குறைந்த வசதியோடு மிகக் கடினமான நூல்களைப் படித்தது எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்ட கூட்டம்.

பெண்களின் நிலை வேறு. டீக்கடையும் படிப்பகமும் ஆண்களின் இடங்களாகவே இருந்தன. பெண்கள் கேட்ட நூல்கள் வீட்டு வாசலிலும் களத்துமேட்டிலும் படிக்கப்பட்டன. நல்லதங்காள் கதைக்குக் கிடைத்த வரவேற்பை அவர்களை விட்டுவிட்டு விளக்க முடியாது. பசியால் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழும் தாயின் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு அழுதவர்கள், தங்கள் பஞ்சத்தையே அதில் கேட்டார்கள். இலங்கை மலையகத்தில் உழைப்பாளிகளிடம் எழுத்தைக் கொண்டுசேர்க்கும் வேலையை ஒரு பெண்ணே செய்தார். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்காகப் பத்திரிகையும் சங்கமும் நடத்தியபோது, அவர் மனைவி மீனாட்சியம்மாள் துயரங்களையும் உரிமைகளையும் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் பாடி, சிறு நூலாக அச்சிட்டுக் கொடுத்தார். துரைமார் அனுமதியில்லாமல் வெளியாள் நுழைய முடியாத லயங்களுக்குள் அந்தப் பாட்டு நுழைந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு எழுத்துத் தெரியாது, பாட்டுத் தெரியும். குஜிலிக்காரர்கள் லாபத்துக்காகக் கண்டுபிடித்த வழியை மீனாட்சியம்மாள் விடுதலைக்குப் பயன்படுத்தினார்.

அரசும் அறிஞர்களும் இதில் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை, எஸ்.ஆர். அரங்கநாதனின் ஊக்கத்தோடு மாட்டுவண்டியில் நூலகத்தை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது; சுதந்திர இந்தியாவில் அதுதான் முதலாவது. 1942 நவம்பரில் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’ நாளிதழ், இன்றைய ‘தினத்தந்தி’, பேச்சு வழக்குக்கு நெருங்கிய சொற்களில், குட்டி வாக்கியங்களில், பெரிய தலைப்புகளில் செய்தி கொடுத்தது. அதைப் படித்தே எழுத்துக் கூட்டக் கற்றவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. இந்த முயற்சிகள் வென்றதற்குக் காரணம், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு பழக்கத்தோடு அவை ஒத்துப்போனதுதான். ஆதித்தனாரின் பெரிய தலைப்பு இரத்தின நாயகரின் பெரிய எழுத்துக்கு உறவு. உரக்கப் படிக்கத் தோதான வாக்கியம் டீக்கடைக்கு முன்பே தெரியும். பழக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் கட்டடம் மட்டும் கட்டியபோது நூலகம் உழைப்பாளிக்கு எட்டவில்லை. பேசக்கூடாது என்று பலகை மாட்டிய கூடத்தில், பேசிப் பேசியே படித்தவருக்கு என்ன வேலை? பகல் ஷிப்ட் முடிந்து அவர் வந்து சேரும் நேரத்தில் கதவு பூட்டியிருந்தால் அந்த நூலகம் யாருக்கு?

இன்று தமிழ்நாட்டில் எழுத்தறிவு எண்பது விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. இது பெரிய வெற்றி, மறுபேச்சில்லை. பிறரை நம்பிப் படிப்பதில் அவமானமும் இருந்தது, ஏமாற்றும் இருந்தது. கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தவர்களின் கதை நமக்குத் தெரியும். யாரும் அந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், தொழிலாளி இன்று படிப்பதில்லை என்று குறை சொல்பவர்கள் போனைப் பழிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். பழைய வாசிப்பு மூன்று கால்களில் நின்றது: வேலை முடிந்து கூடுவதற்கு ஓர் இடம், கூலிக்குக் கட்டுப்படியாகும் விலை, அவரையே மனதில் வைத்து அச்சிட்ட நூல். ஒரு ரூபாய்க்கு அறுபத்து நான்கு காலணா. சட்டமறுப்புக் காலத்தில் ‘சுதந்திரச் சங்கு’ காலணாவுக்கு வந்தது. இன்று ஒரு நல்ல தமிழ் நாவலின் விலை கட்டடக் கூலியாளின் அரைநாள் சம்பளத்தைத் தின்றுவிடுகிறது. திருப்பூர் பனியன் கம்பெனி விடுதிகளில், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளை ஒட்டிய வாடகை அறைகளில் இருப்பவர்கள் கூடி உட்கார ஒரு பெஞ்சு எங்கே? அவர்கள் வேலையை, பயணத்தை, கடனை, காதலை மனதில் வைத்து அச்சாகும் வாரப் பத்திரிகை எது? இந்த மூன்றையும் பறித்துவிட்டு வாசிக்கும் ஆசை போய்விட்டது என்று சொல்வது நேர்மையற்ற கணக்கு.

அந்த ஆசை எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று அண்மைக் காலம் வரை நீள்கிறது. அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழ்களைப் பல்கலைக்கழகங்கள் பேணவில்லை. தமிழ் இதழியல் வரலாறுகள் பல அந்தப் பெயரைக்கூடச் சொல்லாமல் கடந்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பல பத்தாண்டுகள் பொத்திக் காத்த பிரதிகளில்தான் அவை பிழைத்துக் கிடந்தன. 1999இல் ஞான. அலாய்சியஸ் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளைக் கொண்டுவர முடிந்தது, அந்தப் பழைய வாசகர் சமூகம் தன் இதழைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததால். கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. பாறை வெட்டியவர்கள் காசு கொடுத்து வாங்கி, உரக்கப் படித்து, பத்திரப்படுத்திய அந்தப் பக்கங்களைத்தான் இன்று தமிழ் ஆய்வுலகம் அடிக்குறிப்புப் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறது.